எழுதியவர் பெயரைப் போடுங்கள்

பாட்டுச் செயலி நடத்தும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். மாதச் சந்தாவைத் தவறாமல் கட்டும் ஒருவன் எழுதுகிறேன். கனடாவின் ரஷ் ராக் குழுவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் பாட்டில் நீங்களும்தான் சம்பாதிக்கிறீர்கள். டிரம்மர் நீல் பியர்ட் 2020-ல் காலமானார். மற்ற இருவரும், அதாவது பாடகர் கெடி லீயும் கிட்டார் வாசிக்கும் அலெக்ஸ் லைஃப்சனும், ஜெர்மனியின் அனிகா நில்லெஸை டிரம்ஸில் உட்காரவைத்து 2026-ல் மேடையேறப்போவதாக அறிவித்தார்கள். டிரம்ஸ் பழகும் என் அண்ணன் மகன் அந்தச் செய்தியைப் பார்த்துத்தான் பழைய பாட்டுகளைத் தேட ஆரம்பித்தான்.

ரஷ்ஷின் 'டாம் சாயர்' பாட்டு அவனை விடவில்லை. நடுவில் உருண்டு இறங்கும் அந்த அடியைத் தொடையில் தட்டித் தட்டியே பாதி பிடித்துவிட்டான். அப்புறம் கேட்டான்: "சித்தப்பா, இதை எழுதினது பாடுறவரா?"

உங்கள் திரையில் வரிகள் அழகாக ஓடுகின்றன. எழுதியவர் பெயரைத்தான் காணோம். மூன்று புள்ளியைத் தொட்டு, கீழே தள்ளி, இன்னொரு பக்கத்தைத் திறந்தால் அங்கேயும் குழுவின் பெயரே நிற்கிறது. 1981-ல் வந்த இசைத்தட்டின் உறையில் இது தெளிவாக அச்சாகியிருந்தது: இசை லீ, லைஃப்சன், வரிகள் பியர்ட், கவிஞர் பை டுபுவா. அட்டையில் இருந்ததைக்கூட உங்களால் காட்ட முடியவில்லையா?

1974-ல் குழுவில் சேர்ந்தவர் பியர்ட். மற்ற இருவருக்கும் வரி எழுதுவதில் நாட்டமில்லை. எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருந்த இவர் தலையில் அந்த வேலை விழுந்தது. அதன்பின் ஏறக்குறைய எல்லாப் பாட்டும் அவர் எழுதியதே. கெடி லீ பாடியது பெரும்பாலும் பின்னால் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தவரின் சொற்களை. நாற்பது வயதுக்கு மேல், ஊரே குருவாக நினைத்த காலத்தில், டிரம்ஸ் ஆசிரியர் ஃப்ரெடி க்ரூபரிடம் போய்க் குச்சி பிடிப்பதிலிருந்து மறுபடி பழகியவர் பியர்ட். பழகும் பிள்ளைக்குத் தெரியவேண்டிய ஆள் இவர்தானே? எழுதியவர் பெயரைப் போடுங்கள் என்கிறேன், வேறொன்றுமில்லை.

நான் வருடத்தில் எத்தனை நிமிடம் பாட்டுக் கேட்டேன் என்று டிசம்பரில் கலர் கலராகப் படம் அனுப்பத் தெரிகிறது. மழைக்கு ஒரு பட்டியல், தூக்கத்துக்கு ஒரு பட்டியல், பாத்திரம் கழுவ ஒரு பட்டியல். என்னைப் பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருக்கும் உங்களுக்குப் பாட்டு எழுதியவரைத் தெரியாதாம்!

சரி, கோபம் போதும். பாட்டின் பெயருக்குக் கீழேயே, எதையும் திறக்காமல் தெரியும்படி, எழுதியவர் பெயரையும் வாசித்தவர்கள் பெயரையும் போட ஆவன செய்யுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். போடும்போது டுபுவாவை விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரன்