தலைமையாசிரியர்களுக்கு: டி.சி. எழுதும் முன்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கு,

வணக்கம். நான் ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா. போன வருடம் அவளுடைய உயிர்த்தோழி வேறொரு பெண் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள் என்பதற்காக இவள் அந்தத் தோழியின் நோட்டைக் கிழித்துப் போட்டாள், மதியமே அவளிடம் போய் "என்னை விட்டுட்டுப் போயிடாதே" என்று அழுதாள், மறுநாள் வகுப்பில் யாரும் அவளோடு பேசக் கூடாது என்று கட்சி சேர்த்தாள். "திமிரு, நடிப்பு, செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க" என்றார்கள் பள்ளியில். கையில் அவளே போட்டுக்கொண்ட கீறல்களைப் பார்த்ததும் டி.சி.யே கொடுத்துவிட்டார்கள்.

குழந்தைகள் மனநல மருத்துவர் இவற்றை பார்டர்லைன் ஆளுமைக் கூறுகள் என்றார், அதாவது உணர்ச்சிகளும் உறவுகளும் நிலையில்லாமல் சட்டென்று மாறும் தன்மைகள். கூறுகள் என்றுதான் சொன்னார், நோய்ப் பெயர் வைக்கவில்லை. இந்த வயதில் ஆளுமை இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது, மனநல மருத்துவர்கள் நோயைக் கண்டறியப் பயன்படுத்தும் டி.எஸ்.எம்.-5 கையேடே 18 வயதுக்குள் அந்தப் பெயரைச் சொல்ல ஒரு வருடமாவது இவை நீடித்திருக்க வேண்டும் என்கிறது. அதற்காகக் கண்டுகொள்ளாமல் விடலாமா? 2005இல் உளவியல் ஆய்வாளர் நிக்கி கிரிக் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்காவில் நான்கு முதல் ஆறாம் வகுப்பு வரை படித்த 400 பிள்ளைகளை ஒரு வருடம் கவனித்தார்கள். தோழி எனக்கு மட்டும்தான் என்ற பிடிவாதமும், ஒதுக்கிவைத்துப் பழிவாங்குவதும் இந்தக் கூறுகளோடு சேர்ந்தே வருவதைக் கண்டார்கள். உங்கள் ஆசிரியர்கள் தினமும் பார்க்கிற விஷயங்கள்தான்.

இந்தப் பிள்ளைகளுக்கு உள்ளுக்குள் இருக்கும் பெரிய பயமே, எல்லோரும் நம்மை விட்டுப் போய்விடுவார்கள் என்பதுதான். அப்படிப்பட்ட பிள்ளையின் கையில் டி.சி.யைக் கொடுத்தால் அந்தப் பயம் நிஜம் என்று நாமே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுபோல் ஆகிவிடுகிறது. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 16 சொல்வதும் உங்களுக்குத் தெரியும்.

இப்போதைய பள்ளியில் தமிழ் டீச்சர் ஒன்றுதான் செய்தார். "கோபம் வந்தா கேட்காம எழுந்து என்கிட்ட வா, அழுது முடிச்சிட்டு கிளாஸுக்குப் போ" என்றார். அவள் கத்தினாலும் இவர் குரலை உயர்த்துவதில்லை, நடந்ததை வகுப்பு முன்னால் பேசுவதும் இல்லை. முதல் மாதம் தினமும் போனாள். இப்போது வாரத்துக்கு ஒரு முறை.

உங்கள் பள்ளியிலும் அப்படி ஒரே ஒருவரை நியமியுங்கள். கீறல்களைப் பார்த்தால் திட்டாமல், அன்றே பெற்றோரிடம் தனியாகச் சொல்லி மருத்துவரிடம் அனுப்புங்கள். என்ன செய்வதென்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம்தான், தமிழிலேயே பேசலாம்.

இப்படிக்கு,
ஓர் அம்மா