சூரைச்செடியின் கீழ் ஒரு தூக்குவாளி

கிறிஸ்துவுக்குள் அன்பான எங்கள் சபையாருக்கும் ஊராருக்கும்,

மகன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்துவிட்டான். நேற்று தானாகவே எழுந்து போய் முற்றத்து முருங்கையடியில் நின்றான். நடந்தவை யாவும் நீங்கள் அறிந்தவை. அவற்றைத் திரும்ப எழுத எனக்கு இன்னும் பெலன் இல்லை.

இரவென்றும் பாராமல் வந்து ஜெபித்த சபைப் போதகர் ஐயரவர்களுக்கும் உபதேசியாருக்கும், இரத்தம் கொடுத்த வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளுக்கும், இளைய மகளைத் தங்கள் பிள்ளையாகவே பார்த்துக்கொண்ட எதிர்வீட்டாருக்கும், கேளாமலே பணம் கொண்டுவந்து தந்த பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறது.

ஒருவரைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள். பெயரை எழுதினால் சங்கடப்படுவார்கள். கோவிலில் கடைசி வரிசையில் தூணோரம் உட்காரும் அத்தை என்றால் உங்களுக்கே தெரியும்.

ஐந்தாம் நாள் விடியற்காலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் சேலைத் தலைப்பை முகத்தின்மேல் போட்டுக்கொண்டு கிடந்தேன். "போதும் கர்த்தாவே" என்பதற்குமேல் ஜெபம் வரவில்லை. தோளில் ஒரு கை பட்டது. "ஏட்டி, எந்திரி. கஞ்சி ஆறுது" என்றார்கள். திருநெல்வேலிக்கு வரும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார்கள். மூடி நெளிந்த தூக்குவாளியில் சிறுபயறு போட்ட கஞ்சி, வாழையிலைத் துண்டில் மடித்த தேங்காய்த் துவையல். வசனம் எதுவும் சொல்லவில்லை. நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருந்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் படு, நான் பாத்துக்கிடுதேன்" என்றார்கள். அத்தனை நாளில் அன்றுதான் தூங்கினேன். மறுநாளும் வந்தார்கள். பீடி சுற்றிப் பிழைப்பவர்களுக்கு ஒரு காலைப்பொழுது எவ்வளவு கூலி என்பதை நம் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிறு பள்ளியில் வேதாகமத்துத் தீர்க்கதரிசி எலியாவின் கதையைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். கர்மேல் மலையில் இறங்கிய அக்கினியையும் பாகால் என்னும் அந்நிய தேவனின் 450 தீர்க்கதரிசிகள் வெட்கப்பட்டுப் போனதையும் சொல்லிவிட்டு, அங்கிருந்து நேரே ஓரேப் மலையில் கர்த்தர் பேசிய மெல்லிய சத்தத்துக்குப் போய்விடுவேன். இடையில் எலியா வனாந்தரத்துச் சூரைச்செடியின் கீழ்ச் சாவைக் கேட்டுப் படுத்திருந்ததைப் பிள்ளைகளுக்கு எதற்கு என்று விட்டுவிடுவேன். 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை இப்போது மறுபடியும் எடுத்து வாசித்தேன். அந்தச் செடியடியில் கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூதன் தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு அவர் திரும்பவும் படுத்துக்கொள்கிறார், அதற்கும் ஒரு சொல் இல்லை. தூதன் இரண்டாந்தரம் வரும்போதுதான், போக வேண்டிய பிரயாணம் வெகுதூரம் என்ற பேச்சே எழுகிறது. என் விசுவாசம் எங்கே போயிற்று என்று என்னையே நொந்துகொண்டிருந்த எனக்கு, அந்த அடையைக் கர்த்தர் முன்பே சுடச் செய்து வைத்திருந்தார் என்பது இத்தனை வயதில்தான் கண்ணில் பட்டது.

அத்தையிடம் இதைச் சொன்னேன். "எனக்கு அவ்வளவெல்லாம் தெரியாது தாயி. காணிக்கைக்குக் கைப்பிடி அரிசி எடுத்து வைப்பேம்லா, அதுபோல உனக்கும் ஒரு பிடி சேத்துப் போட்டேன்" என்றார்கள்.

இனி நம் சபையில் யார் ஆஸ்பத்திரியில் இருந்தாலும் காலைக் கஞ்சி எங்கள் வீட்டு அடுப்பிலிருந்து போகும் என்று பொருத்தனை பண்ணியிருக்கிறேன்.

அந்தத் தூக்குவாளி இன்னும் எங்கள் அடுப்படியில்தான் இருக்கிறது. வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் நமக்கில்லையே. முறுக்கு சுட்டு நிறைத்து, மகன் அந்தத் தெருவரை நடக்கும் நாளில் அவன் கையிலேயே கொடுத்தனுப்ப வைத்திருக்கிறேன்.

கர்த்தருக்குள்,
உங்கள் சகோதரி