கிராண்ட் அப்ளிகேஷனை அம்மாமாரோட இருந்து எழுதுங்கோ

ஆசிரியருக்கு வணக்கம்,

எங்கட முதியோர் சங்கங்களுக்கு கனடா ஃபெடரல் அரசாங்கம் குடுக்கிற காசைப் பற்றி எழுத வேணும் எண்டு கனநாளா நினைச்சுக்கொண்டிருந்தனான். நியூ ஹொரைசன்ஸ் ஃபோர் சீனியர்ஸ் எண்ட திட்டம் 2004 இல இருந்து இருக்கு, சமூகத் திட்டம் ஒண்டுக்கு 25,000 டொலர் வரைக்கும் தாறவை. இது எங்கட வரிக்காசு, ஆனா எங்கட ஆக்கள் பயந்துபோய் கேக்கிறதேயில்லை, இல்லாட்டி கேக்கிற மாதிரிக் கேக்கிறேல்லை.

நாங்கள் ஸ்காபரோவில ஒரு சின்னச் சங்கம். ஒரு பில்டிங்கின்ர பார்ட்டி ரூமில செவ்வாய்க்கிழமைகளில கூடுறம், ஒரு முப்பது பேர் வருவினம், தேத்தண்ணி, கொஞ்சம் உடற்பயிற்சி, பிறகு ஐயாமார் ஒரு மூலையில இருந்து 304 எண்ட காட்ஸ் விளையாட்டு விளையாடுவினம். முதல்தரம் போட்ட அப்ளிகேஷன் சரிவரேல்லை. அதுக்குக் காரணம் வேற ஒருத்தருமில்லை, நாங்கள்தான். கடைசிக் கிழமை நானும் இன்னொரு கமிட்டி மெம்பரும் என்ர வீட்டு மேசையில இருந்து இரவிரவா எழுதினனாங்கள், வேற சங்கம் ஒண்டின்ர பழைய அப்ளிகேஷனைப் பாத்து பண்பாட்டுப் பாதுகாப்பு, ஒருங்கிணைப்பு எண்டு பெரிய பெரிய சொல்லெல்லாம் போட்டு, பட்ஜெட்டில பாதி விழாவுக்கும் சாப்பாட்டுக்கும் எண்டு போட்டு அனுப்பினம். இல்லை எண்டு பதில் வந்தோடன "ஆக்களைத் தெரிஞ்சாத்தான் கிடைக்கும்" எண்டு சொல்லிப்போட்டு விட்டிட்டம். இப்பவும் கன சங்கத்தில இதே கதைதான் சொல்லினம், அது பிழை.

பிறகு ஒருநாள் ஆறுதலா அந்த அப்ளிகேஷனுக்குரிய வழிகாட்டியை முழுக்க வாசிச்சன். திட்டம் முதியவை நடத்துறதா, இல்லாட்டி அவையின்ர யோசனையில வந்ததா இருக்க வேணும் எண்டு அதில தெளிவா இருக்கு. எங்கட அப்ளிகேஷனில ஒரு முதியவரின்ர குரல்கூட இல்லை!

அடுத்தமுறை லாப்டொப்பை பார்ட்டி ரூமுக்கே கொண்டுபோனன். உங்களுக்கு என்ன குறை எண்டு கேட்டா முதல் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை, எல்லாம் நல்லாத்தான் இருக்கு பிள்ளை எண்டினம். பிறகு எண்பது வயசு தாண்டின ஒரு அம்மா மெல்லமா சொன்னா, "எனக்கு விழா வேண்டாம் பிள்ளை, பாங்கில இருந்து கதைக்கிறம் எண்டு ஃபோன் வந்தா அது உண்மையோ பொய்யோ எண்டு கேக்க ஒராள் வேணும், மகன் வேலையில நிப்பான், எடுத்தா ஏசுவான்." அதோட 304 விளையாடினவை காட்ஸை மேசையில வச்சிட்டு கதைக்கத் துவங்கிட்டினம். வரிக் கந்தோர் எண்டு சொல்லி வந்த ஃபோனை நம்பி கடையில கிஃப்ட் காட் வாங்கி நம்பரையெல்லாம் சொல்லிக்குடுத்த ஐயா ஒருத்தர் அண்டைக்குத்தான் அதை முதல்முதலா வெளியில சொன்னவர், பிள்ளையளுக்குக்கூட சொல்லேல்லையாம்.

அதுதான் எங்கட திட்டமா வந்துது. பாங்கில வேலை செய்து ரிட்டயரான ஒரு அம்மா வகுப்பெடுக்கிறா. ஒன்ராறியோவில ஹைஸ்கூல் முடிக்க 40 மணித்தியாலம் தொண்டுவேலை செய்ய வேணும்தானே, அந்தப் பிள்ளையள் வந்து டப்லெட்டோட ஒவ்வொருத்தருக்குப் பக்கத்தில இருக்கினம். முதியவையை ஏமாத்துறதைத் தடுக்கிறதும், தனிச்சு இருக்கிறவையை வெளியில கொண்டுவாறதும் அந்த நிதி குடுக்கிற நோக்கத்திலயே இருக்கு, நாங்கள் புதுசா ஒண்டும் சோடிக்கேல்லை. இந்தமுறை கிடைச்சுது.

மற்றச் சங்கங்களுக்கு நான் சொல்லுறது, அப்ளிகேஷன் கேட்டு அறிவிப்பு வந்தாப் பிறகு ஓடாதேங்கோ, சில கிழமைதான் திறந்திருக்கும், பிந்தினா எடுக்காயினம். ஒன்லைன் கணக்கை முன்னாலயே பதிஞ்சு வையுங்கோ. சங்கம் பதிஞ்ச பேப்பரில இருக்கிற பேரும் பாங்க் கணக்கில இருக்கிற பேரும் ஒண்டா இருக்கோ எண்டு பாருங்கோ, எங்களுக்கு ஒரு எழுத்தால ரெண்டு கிழமை போச்சு. ஒப்பந்தம் கையெழுத்தாக முதல் காசு செலவழிக்காதேங்கோ, ரிசீட் எல்லாம் வையுங்கோ, முடிவில அறிக்கை குடுக்க வேணும். கிடைச்சா இத்தினை வீதம் தாங்கோ எண்டு வாறவையிட்ட தயவுசெய்து போகாதேங்கோ, அது அம்மாமாரின்ர காசு. கோடையில உதவிக்கு இளம் ஆக்கள் வேணுமெண்டா கனடா சம்மர் ஜொப்ஸ் இருக்கு, 15 இல இருந்து 30 வயசு வரைக்கும், லாபநோக்கில்லாத சங்கத்துக்கு சட்டப்படியான குறைஞ்சபட்சச் சம்பளம் முழுதையும் தரக்கூடியவை.

உங்களிட்ட ஒரு கோரிக்கை, அடுத்த அறிவிப்பு வரேக்க அதை முன்பக்கத்தில தமிழில போடுங்கோ, கடைசித் தேதி பெரிய எழுத்தில. எங்கட அப்ளிகேஷனின்ர கொப்பியை எந்தச் சங்கம் கேட்டாலும் குடுக்கிறம். செவ்வாய்க்கிழமைகளில வந்தா அந்த அம்மாவோடயே இருந்து கதைக்கலாம்.

நன்றி,
ஸ்காபரோவில இருந்து ஒரு வாசகி