சல்லித் தொட்டி இல்லாமல் குளம் வெட்ட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

குளியலறைத் தண்ணீரையும் குசினித் தண்ணீரையும் வளவுக்குள்ளேயே ஒரு சின்னக் குளத்தில் விட்டுத் தாமரை வளர்க்கலாம் என்று சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். நோக்கம் நல்லது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது திருகோணமலையில் எங்கள் சாம்பல்தீவுப் பக்கம் கிணறுகளில் நீர் இறங்கிவிடும், கடலோரக் கிணறுகள் உவர்க்கவும் தொடங்கும். குழாயில் வருவதோ கந்தளாய்க் குளத்துத் தண்ணீர். அதே குளத்தை நம்பித்தான் வயல்களும் இருக்கின்றன. அப்படியிருக்க, ஒரு தடவை குளித்த தண்ணீரை றோட்டுக் கானுக்குள் விட்டுக் கடலுக்கு அனுப்ப எனக்கும் மனம் ஒப்பவில்லை.

ஆனால் கட்டுரையில் சொன்னபடி பைப்பை நேரே குளத்துக்குள் விட்டால் சில நாட்களில் அது நாறும். நம் குசினித் தண்ணீரில் என்னதான் இல்லை? தேங்காய்ப்பால் பிழிந்த சட்டி கழுவியது, மீன் கழுவியது, சோற்றுப் பருக்கை, சவர்க்காரம். அதை ஒரு வாளியில் பிடித்து மறுநாள் வரை வைத்துப் பாருங்கள். மேலே வெள்ளையாக ஏடு கட்டியிருக்கும், அடியில் சாம்பல் நிறத்தில் மண்டி இறங்கியிருக்கும், கிட்டப் போய் முகர முடியாது. அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் உள்ள ஒட்சிசனை முடித்துவிட, அது அழுகத் தொடங்கிவிடுகிறது. அந்தத் தண்ணீர்தான் கியூலெக்ஸ் நுளம்புக்குப் பிடித்த இடம். டெங்கு நுளம்பு தெளிந்த நீரைத்தான் அதிகம் நாடும், உண்மைதான். ஆனாலும் 2017இல் டெங்கினால் கிண்ணியா பட்ட பாட்டைப் பார்த்த மாவட்டம் இது. எந்த நுளம்புக்கும் நாமே இடம் வெட்டிக் கொடுக்கக் கூடாது.

குளத்துக்கு முன்னால் சல்லித் தொட்டி ஒன்று கட்டாயம் வேண்டும். அசல் வேலை அங்கேதான் நடக்கிறது. நாலு பேர் உள்ள வீட்டில் நாளுக்கு 400 லீற்றர் போகிறது என்று வையுங்கள். 11 அடி நீளம், 5 அடி அகலம், 2 அடி ஆழத்தில் ஒரு தொட்டி எடுத்து முக்கால் அங்குலக் கருங்கல் சல்லியால் நிரப்பினால், கல் இடுக்குகளில் ஏறத்தாழ 1000 லீற்றர் நிற்கும். அதாவது தண்ணீர் இரண்டரை நாள் தங்கித்தான் வெளியே போகும். அதற்குள் கல்லிலும் வேரிலும் வழுவழுப்பாகப் படியும் நுண்ணுயிர்கள் எண்ணெயையும் சவர்க்காரத்தையும் தின்றுவிடும். வெளிக்குழாயின் உயரத்தைச் சரியாக வைத்தால் நீர்மட்டம் சல்லிக்கு நாலு அங்குலம் கீழேயே நிற்கும். மேலே காய்ந்த கல், நுளம்பு முட்டையிட வழியில்லை.

எங்கள் மண் கடல்மணல், விட்டது விட்டபடி கீழே இறங்கிக் கிணற்றைத்தான் சேரும். அதனால் அடியிலும் பக்கங்களிலும் தடித்த பொலித்தீன் விரிப்பு அல்லது சீமெந்துப் பூச்சு இருக்க வேண்டும். சல்லிக்குப் பதிலாகக் கடற்கரை மணலை நிரப்பலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம், சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். குசினிப் பைப்பு தொட்டிக்கு வருமுன் எண்ணெய் பிடிக்க மூடியுள்ள சிறு குழி ஒன்றும் வேண்டும். அதை அடிக்கடி வழித்து எடுக்காவிட்டால் சல்லி முழுக்கக் கொழுப்பு ஏறிவிடும். மலசலகூடத் தண்ணீரும் பிள்ளைகளின் அணையாடை கழுவிய தண்ணீரும் இந்தப் பக்கமே வரக் கூடாது. பிளீச்சிங் பவுடரும் அப்படித்தான், அது நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும்.

சல்லியில் சம்பு, பன், கல்வாழை எதையும் நடலாம். நீரில் மிதந்து பரவும் ஆற்றுவாழையை மட்டும் யார் சொன்னாலும் கொண்டுவராதீர்கள். அழுக்கை நன்றாக உறிஞ்சும் என்பது மெய். ஆனால் ஒரு வெள்ளத்தில் வளவைத் தாண்டினால் குளமெல்லாம் மூடிவிடும். அதைத் தடுக்க இந்த நாட்டில் 1909இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள்.

இதற்குப் பிறகு வருகிற தண்ணீரைக் குளத்தில் விடுங்கள், அழகாக இருக்கும். சவர்க்காரத்தில் வந்த பொசுபேற்று என்ற உரச்சத்து கொஞ்சம் மிஞ்சியிருப்பதால் பாசி பிடிக்கப் பார்க்கும். அல்லி இலை குளத்தின் பாதியையாவது மூடினால் வெயில் படாமல் பாசி அடங்கும். நீலோற்பலத்தை விட நமக்குப் பொருத்தமான பூ வேறு எது? கப்பி மீன் விட்டால் நுளம்புக் குடம்பிகளைத் தின்றுவிடும். மிஞ்சி வழிகிற தண்ணீர் வாழைக்கும் தென்னைக்கும் போகட்டும். பச்சையாகச் சாப்பிடுகிற வல்லாரைக்கும் வெங்காயத்தாளுக்கும் வேண்டாம்.

உள்ளூராட்சி சபைகளிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பிளான் அனுமதிக்கு வருகிறவர்களிடம் மலக்குழி எங்கே, கிணறு எங்கே என்று கேட்கிறீர்கள். குளித்த தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் கேளுங்கள். குளியலறைக்கும் மலசலகூடத்துக்கும் ஆரம்பத்திலேயே தனித்தனிப் பைப்பு போட்டுவிட்டால் பிறகு நிலத்தை உடைக்க வேண்டியதில்லை. டெங்குப் பரிசோதனைக்கு வருகிற உத்தியோகத்தர்களும் குளத்தைக் கண்டவுடன் மூடச் சொல்லாமல், அதில் மீன் நீந்துகிறதா, குடம்பி நெளிகிறதா என்று பார்த்துச் சொன்னால் மக்களுக்குத் துணிவு வரும்.

செய்ய நினைக்கிறவர்கள் மாரி முடிந்து மாசியில் தொடங்குங்கள். அப்போது நிலத்தடி நீர் இறங்கியிருக்கும், குழி தோண்டச் சுகம். கச்சான் தொடங்குமுன் செடிகளும் வேர் பிடித்துவிடும்.

இப்படிக்கு,
வாசகி,
சாம்பல்தீவு, திருகோணமலை.