மாதவ ராவ் சாருக்கு ஒரு லெட்டர்

மாதவ ராவ் சார், வணக்கம்.

திருவனந்தபுரம் செக்ரடேரியட் எதிர்ல உங்க சிலை நிக்கிறதாலதான் அந்த ஜங்ஷனுக்கே ஸ்டாச்சுன்னு பேரு, ஆனா யாரோட சிலைன்னு கேட்டா பாதிப் பேர் முழிப்பாங்க, நீங்க பொறந்த கும்பகோணத்துலயும் அதே கதிதான்.

1858ல முப்பது வயசுல திருவிதாங்கூர் சமஸ்தானத்துல திவான், அதாவது முதல் மந்திரி சீட்ல உக்காந்தீங்க. அப்பா, பெரியப்பா பாத்த வேலைதான், ஆனா அப்ப கஜானா காலி, சம்பளம் பாக்கி, வெள்ளைக்கார கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி வேற நாட்டையே எடுத்துக்குவோம்னு ஏற்கெனவே மிரட்டியிருந்தாரு. நீங்க மிளகு, புகையிலை ரெண்டுலயும் சர்க்கார் ஏகபோகத்த தூக்கிட்டு வரி மட்டும் வாங்குனீங்க, 1863க்குள்ள கடன அடைச்சீங்க, 1865ல சர்க்கார் நிலத்துல உழுதவனுக்கே விக்கவும் அடமானம் வைக்கவும் உரிமை குடுத்தீங்க. இந்த நிலம் மேட்டர்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது.

ஆனா 1859 தோள்சீலை உத்தரவ மட்டும் என்னால ஜீரணிக்க முடியல சார். நாடார் பொம்பளைங்க குப்பாயம்ங்கிற ஜாக்கெட் போடலாம், முரட்டுத் துணி சுத்திக்கலாம், ஆனா மேல்சாதிப் பொம்பளைங்க மாதிரி மட்டும் உடுத்தக்கூடாதாம். கணக்குல அவ்ளோ தைரியம், இதுல இவ்ளோ கஞ்சத்தனம். மகாராஜா பேர்ல வந்த உத்தரவுதான், இருந்தாலும் திவான் நீங்கதானே.

அடுத்த ராஜா ஆயில்யம் திருநாள், சின்ன வயசுல உங்ககிட்டயே பாடம் படிச்சவரு. அவரோடவே மனஸ்தாபமாகி 1872ல வெளிய வந்துட்டீங்க. அப்புறம் இந்தூர்ல ராஜா ஹோல்கர்கிட்ட திவானா ரெண்டு வருஷம் போல.

1875ல பரோடா. அங்க இருந்த பிரிட்டிஷ் பிரதிநிதி, ரெசிடென்ட் ஃபேரோட ஷர்பத்துல விஷம் வச்சதா பரோடா ராஜா மல்ஹர் ராவ் மேல கேஸ், விசாரிச்ச ஆறு பேர்ல மூணு வெள்ளைக்காரங்க ஒரு பக்கம், மூணு இந்தியர்கள் இன்னொரு பக்கம், கடைசில ஆட்சி சரியில்லன்னு சொல்லி அவர இறக்கிட்டு காவ்லானா கிராமத்துலேர்ந்து பன்னெண்டு வயசுப் பையன தத்தெடுத்து சயாஜிராவ்னு பேர் வச்சு உக்கார வச்சாங்க, ராஜ்யம் நடத்துறது முழுக்க உங்க தலைல. பையனுக்கு தஞ்சாவூர்லேர்ந்து பொண்ணு வந்துச்சு, கூடவே சதிர், அதான் இப்ப பரதநாட்டியம்ங்கிறோமே, அது ஆடுறவங்களும் பரோடா போனாங்க. ராஜா எப்படி நடந்துக்கணும்னு அவருக்கு நீங்க எடுத்த பாடமெல்லாம் புஸ்தகமாவே இருக்கு. 1881 கடைசில பையன் கைக்கு அதிகாரம் போச்சு, அடுத்த வருஷமே நீங்க கிளம்பிட்டீங்க. மறுபடியும் ஸ்டூடன்ட்டோடதான் மனஸ்தாபம்!

ராஜாவுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தா ராஜ்யம் உருப்படும்னுதான் உங்க கணக்கே ஓடுச்சு, அப்படிப்பட்ட ஆளு 1887ல மெட்ராஸ்ல நடந்த காங்கிரஸ் மாநாட்டுல வரவேற்புக் கமிட்டித் தலைவரா நின்னு, சட்டசபைல ஜனங்களோட பிரதிநிதி வேணும்னு கேக்குறவங்கள வரவேத்தீங்களே, மனசு மாறிதான் போனீங்களா, இல்ல மைலாப்பூர்ல சும்மா உக்கார முடியலயா?