அதட்டாமல் வகுப்பு நடத்தச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள தலைமையாசிரியர் அம்மாவுக்கும், மூத்த ஆசிரியர்களுக்கும், வணக்கம்.

இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த நாங்கள் எல்லோரும் சேர்ந்து எழுதும் மடல் இது. 'எல்லாவற்றுக்கும் நன்றி' என்று ஒரே வரியில் முடித்தால் உங்களுக்கே பிடிக்காது. எது எதற்கு என்று சொல்லிவிடுகிறோம்.

முதலில், வாசலில் நிற்கச் சொன்னதற்கு. மணி அடித்ததும் மேஜைக்குப் போகாமல் கதவருகே நின்றால் வராந்தாவும் தெரியும், உள்ளேயும் தெரியும். அதற்குள் பலகையில் ஒரு சின்ன வேலை எழுதியிருக்க வேண்டும். நேற்று நடத்தியதிலிருந்து இரண்டு கணக்கு, ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாமல். அங்கே புதுப் பாடத்தைப் போட்டால் நாலு பேர் உடனே 'புரியல' என்பார்கள்; அமைதி அத்தோடு போச்சு.

நோட்டு கொடுப்பதில் இவ்வளவு இருக்கிறது என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் கொடுத்தால் ஆளுக்கு ஆறு விநாடி. 40 பேருக்கு நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடமும் 39 பேருக்கு வேலை கிடையாது, சண்டை அங்கேதான் முளைக்கிறது. திருத்தும்போதே பெஞ்சு வாரியாக அடுக்கி, ஓரத்தில் இருப்பவரிடம் கட்டாகக் கொடுத்து உள்ளே நகர்த்தச் சொன்னால் ஒரு நிமிடம்கூட ஆகாது. செய்யவேண்டியதைச் சொல்லி முடித்த பிறகே நோட்டு கைக்குப் போகவேண்டும். முன்னால் கொடுத்தால் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், நாம் சொல்வது காதில் ஏறாது. ஒரே மூச்சில் மூன்று வேலைக்கு மேல் சொல்லக்கூடாது. அதிகம் இருந்தால் பலகையில். 'இப்போ என்ன செய்யணும்?' என்று ஒரு பிள்ளையைத் திருப்பிச் சொல்லவைத்தால், பத்துப் பேர் வந்து தனித்தனியாகக் கேட்பது மிச்சம்.

திட்டுவதைப் பற்றி. அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ஜேக்கப் கௌனின் என்பவர் 1970-இல் வெளியிட்ட ஆய்வை ஓய்வறையில் எடுத்துச் சொன்னவருக்குத் தனி நன்றி. தப்பு நடந்த பிறகு எப்படிக் கண்டிக்கிறார்கள் என்பதில் நல்ல வகுப்புக்கும் கலைந்த வகுப்புக்கும் பெரிய வித்தியாசம் கௌனினுக்குக் கிடைக்கவில்லை. ஆசிரியருக்கு முதுகிலும் கண் இருப்பதாகப் பிள்ளைகள் நம்புவது, பாடம் தடங்காமல் ஓடுவது, வித்தியாசம் இவற்றில்தான் இருந்தது. பலகையில் எழுதும்போது உடம்பைப் பாதி திருப்பி நில்லுங்கள் என்று நீங்கள் ஓயாமல் சொன்னதன் காரணம் அன்றுதான் விளங்கியது.

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவின் மூன்று விநாடியும் அப்படித்தான். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று அவர் கண்டார். மூன்று விநாடி பொறுத்தால் பதில் நீள்கிறது, வாய் திறக்காத பிள்ளையும் திறக்கிறது. கேட்க எளிது, வகுப்பில் மூன்று விநாடி மௌனம் என்பது கிணற்றுக்குள் நிற்பது மாதிரி. மனசுக்குள் எண்ணுங்கள் என்ற யோசனை கைகொடுத்தது.

கண்டிக்கத்தான் வேண்டும் என்றால் அதற்கு ஒரு படி வரிசை கொடுத்தீர்கள்: ஒரு பார்வை; பாடத்தை நிறுத்தாமல் அருகே போய் நிற்பது; குனிந்து அவர் காதுக்கு மட்டும் ஒரு வரி; அப்புறமும் தொடர்ந்தால் மணி அடித்தபின் தனியாக. 'ஏன் பேசுற?' என்று எல்லார் முன்னும் கேட்கவே வேண்டாம். அது பதிலுக்கு அழைப்பு. வகுப்பே வேடிக்கை பார்க்கும்போது எந்தப் பிள்ளையும் பின்வாங்காது. மொத்த வகுப்பையும் தண்டித்தால் சும்மா இருந்தவர்களும் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள்.

பெஞ்சுகளை நகர்த்தி, எந்தப் பிள்ளையிடமும் போய்ச்சேர வழிவிட்டுப் போட்டுக்கொடுத்த அலுவலக உதவியாளர் அண்ணனுக்கும் நன்றி.

கடைசியாக, பின்வரிசையில் உட்கார்ந்து நீங்கள் போட்ட அந்தக் கட்டங்கள். பெஞ்சுக்கு ஒரு கட்டம், யாரிடம் கேள்வி போனதோ அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி. ஏறக்குறைய எல்லாருடைய தாளிலும் முன்வரிசையும் நடுப்பகுதியும் புள்ளியால் நிறைந்து, பின்மூலை இரண்டும் வெள்ளையாக இருந்தன. ஒரு வார்த்தை சொல்லாமல் தாளை மட்டும் நீட்டினீர்கள். பெயரை அடித்துவிட்டு அவற்றை ஓய்வறை அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறோம், அடுத்து சேருபவர்களுக்கு.

நன்றியுடன்,
புது ஆசிரியர்கள்