சாப்பர்கள் ரோடு போட்ட கூலிகள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் போன நம் திருநெல்வேலி ஜில்லாக்காரர்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் எழுதியதற்கு நன்றி. ஆனால் ராணுவப் பொறியியல் படையினரான சாப்பர்கள் ரோடு மட்டும்தான் போட்டார்கள், அவர்கள் ராணுவக் காகிதமெல்லாம் வெள்ளைக்காரனோடு கப்பலேறிவிட்டது என்று முடித்துவிட்டீர்களே, அது மனதைச் சுட்டது.

காலாட்படைக்கு முன்னால் போய்க் கண்ணிவெடியைத் தோண்டி எடுக்கிறவன் சாப்பர். முள்கம்பியைத் தகர்க்கும் வெடிகுழாயான பங்களூர் டார்பிடோ 1912இல் மெட்ராஸ் சாப்பர்ஸில் பிறந்தது. துண்டு துண்டாகக் கொண்டுபோய்ப் பூட்டும் இரும்புப் பாலமான பெய்லி பாலத்தின் ஒரு பேனல் 10 அடி நீளம், 570 பவுண்டு, தூக்க ஆறு பேர் வேண்டும். அதைக் குண்டு விழும் ஆற்றங்கரையில் இருட்டில் பூட்டியவர்களைக் கூலிகளாக எழுதலாமா? 1944இல் இத்தாலியில் கண்ணிவெடி மேல் பாய்ந்து விழுந்து, உடனிருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்ட சுபேதார் சுப்பிரமணியன் மெட்ராஸ் சாப்பர். அவருக்கு வீரத்துக்கான ஜார்ஜ் கிராஸ் பதக்கம் கொடுத்தார்கள்.

முன்பொரு முறை, பர்மாப் போர்முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்த பர்மா ஸ்டாரை, மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் என்று அச்சிட்டீர்கள். உழைப்புப் பணிக்கான பயோனியர் கோர் படையின் படத்தைச் சாப்பர்கள் என்று போட்டீர்கள். இரண்டு முறையும் எழுதினேன். ஒரு வரித் திருத்தம்கூட வரவில்லை.

காகிதம் இல்லை என்று பத்திரிகையே சொன்னால், ஆச்சியின் டிரங்குப் பெட்டியில் கிடப்பதையும் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடுவார்கள். முதலில் தேட வேண்டியது படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகம். அது இல்லையென்றால் மெடல். இந்தியப் படையினருக்குக் கொடுத்த ஸ்டார் எனும் நட்சத்திரப் பதக்கங்களின் பின்புறத்திலும் வார் மெடலின் விளிம்பிலும் நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். ‘எஸ் அண்ட் எம்’ என்றிருந்தால் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், அதாவது சாப்பர் படை. தயவுசெய்து புளி போட்டுத் துலக்க வேண்டாம், எழுத்து தேய்ந்துவிடும்.

அந்த நம்பர்தான் திறவுகோல். பெயரை நம்பித் தேடினால் சிக்கல். ஒரே ஊரில் மூன்று சுடலைமுத்து இருப்பார்கள், இசக்கியை ராணுவ குமாஸ்தா எசக்கி என்று எழுதியிருப்பார். ஊர் இன்று தென்காசியிலோ தூத்துக்குடியிலோ இருந்தாலும் மாவட்டம் ‘டின்னவெல்லி’ (திருநெல்வேலி) என்றுதான் இருக்கும். நம்பரும் வாரிசுச் சான்றும் வைத்து மெட்ராஸ் சாப்பர்ஸின் இன்றைய பெயரான பெங்களூர் மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுத வேண்டும். நீலகிரி வெலிங்டனுக்கு எழுதிப் பலனில்லை, அது காலாட்படையான மெட்ராஸ் ரெஜிமெண்ட். சாப்பர்கள் வேறு.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் தாத்தா இல்லையே என்று கலங்குகிறவர்கள் உண்டு. அது 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்களுக்கானது. ஊர் திரும்பி வயல் பார்த்தவர் பெயர் அதில் எப்படி வரும்?

கப்பலேறியது ஒன்று உண்டென்றால் கம்பெனிகளின் போர் நாட்குறிப்பு. லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் வட ஆப்பிரிக்கா டபிள்யூ.ஓ. 169, இத்தாலி 170, பர்மா 172 என்ற வரிசைகளில் இருக்கிறது. சிப்பாய் பெயர் அதில் அபூர்வம், ஆனால் கம்பெனி எண் தெரிந்தால் எந்த மாதம் எந்த ஆற்றில் நின்றார்கள் என்று தெரியும். நாலாவது இந்திய டிவிஷனில் இருந்த 12வது ஃபீல்டு கம்பெனியும் 11வது ஃபீல்டு பார்க் கம்பெனியும் மெட்ராஸ் சாப்பர்கள்தான்.

அடுத்த ஞாயிறு, அதே பக்கத்தில், பெங்களூருக்கு எழுதலாம் என்று நாலு வரி போடுங்கள். மெடலைத் துலக்க வேண்டாம் என்பதையும் சேர்த்து.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை வாசகன்